ஒரே தெள்ளுப்பூச்சிக்குள் பல பாக்டீரியாக்கள்: எந்த வரிசையறிதல் முறை?

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், ஜெர்பில் எலிகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் தெள்ளுப்பூச்சிகளில், பார்டோனெல்லா பாக்டீரியாவின் பல வகைகள் ஒரே பூச்சிக்குள் சேர்ந்திருப்பதுண்டு. முதன்மையான வகையை மட்டும் அறிய, டிஎன்ஏவின் எழுத்து வரிசையை எல்லாப் படிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும், செலவு குறைந்த சாங்கர் முறையே போதும். ஆனால் பார்டோனெல்லா வகைகளை இனங்காண உதவும் ஜிஎல்டிஏ (gltA) மரபணுவைப் பெருக்கி அம்முறையில் படிக்கும்போது, எண்ணிக்கையில் மிகுந்த வகையே மேலோங்க, மற்றவை வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும் இரட்டை முகடுகளாகவே தென்படுகின்றன. அவற்றைப் பழுதான தரவென ஒதுக்கிவிடும் வழக்கம் உண்மையிலேயே வருந்தத்தக்கது. கலப்புத் தொற்றை ஆராய்வோர் புதிய தலைமுறை வரிசையறிதலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும் தனித்தனியே படிப்பதால், சிறுபான்மை வகைகளையும் பிரித்துக் காட்டும். எனினும் ஆய்வகக் கலப்படமும் அதே நுணுக்கத்துடன் பதிவாகும் என்பதால், பூச்சி சேர்க்காத வெற்று மாதிரியையும் உடன் சோதிப்பது கட்டாயம்.