சேலத்தில் ஏ.பி.ஏ. சர்டிபிகேட் கோர்ஸில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர்கள், ஸ்பெஷல் பி.எட். முடித்தவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிற அம்மாக்கள் என்று நிறையப் பேர் இப்போது சேலத்தில் ஏ.பி.ஏ. (நடத்தைப் பகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தெரபி கொடுக்கப் பயன்படுகிற முறை) படிக்க விசாரிக்கிறார்கள். ஐந்து ரோடு பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்து, வகுப்பை ஆன்லைனில் நடத்துகிற ஒரு நிறுவனத்தில் நான் பட்டமேற்படிப்புச் சான்றிதழ் கோர்ஸ் படித்தேன். வக்கீல் வழியாக விஷயம் போய்க்கொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் கீழே எழுதியிருக்கிற வாக்குறுதிகளை யார் சொன்னாலும், அது அவர்களாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

சேரும்போது கவுன்சிலர் சொன்னது இதுதான்: "ஒரே வருஷம் மேடம், முடிச்சதும் பி.சி.பி.ஏ. எழுத நீங்க எலிஜிபிள். அமெரிக்கன் போர்டு. அதுக்கப்புறம் இங்கயே சென்டர் போட்டு உட்காரலாம்." பி.சி.பி.ஏ. என்பது ஏ.பி.ஏ. நிபுணர்களுக்கான சான்றிதழ். நோட்டீஸிலும் அதுவேதான், கொட்டை எழுத்தில். கட்டணம் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அம்மாவின் வளையலைக் கூட்டுறவு பேங்கில் வைத்துத்தான் முதல் தவணை கட்டினேன்.

உண்மை என்னவென்றால், பி.சி.பி.ஏ. சான்றிதழைத் தருகிற பி.ஏ.சி.பி. என்ற அமெரிக்க வாரியம் (1998-இல் தொடங்கியது) 2023 ஜனவரி 1 முதல் இந்தியாவில் வசிப்பவர்களிடமிருந்து புதிய விண்ணப்பமே வாங்குவதில்லை. இதை 2019-லேயே அறிவித்துவிட்டார்கள், அவர்களுடைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பி.சி.பி.ஏ. மட்டுமில்லை, நாற்பது மணி நேரப் பயிற்சியோடு வருகிற ஆர்.பி.டி. என்ற உதவியாளர் நிலைச் சான்றிதழும் இதே கதைதான். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், அது வேறு. புதிதாகச் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பிக்க வழியே கிடையாது. இது தெரிந்தேதான் எங்கள் பேட்ச்சைச் சேர்த்திருக்கிறார்கள். கேட்டபோது வந்த பதில், "அது டெம்பரரி ரூல் மேடம், மாறிடும்."

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலேயே வசித்தாலும் சர்டிபிகேட் மட்டும் வைத்துப் பரீட்சை எழுத முடியாது. முதுகலைப் பட்டம் வேண்டும், 315 மணி நேரப் பாடம் வேண்டும், சூப்பர்வைசர் மேற்பார்வையில் 2000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் (தீவிர முறை என்றால் 1500), அதெல்லாம் முடித்த பிறகுதான் பரீட்சை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற இந்த மாதிரிச் சான்றிதழ் படிப்பு பெரும்பாலும் ஏற்கெனவே எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்தவர்கள் அந்த 315 மணி நேரப் பாடத்தை முடித்துக்கொள்வதற்காக இருப்பது. எங்கள் பேட்ச்சில் வெறும் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வந்த ஒரு பெண்ணிடமும் "எலிஜிபிள்" என்று சொல்லித்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆத்தூரிலிருந்து வருகிற பெண், அப்பா தறி ஓட்டுகிறவர்.

பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம், சூப்பர்விஷன் என்ற பெயரில் நடந்ததை என்னால் விட முடியவில்லை. விதிப்படி, மொத்த மணி நேரத்தில் குறைந்தது ஐந்து சதவீதம் சூப்பர்வைசரோடு இருக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் ஒரு முறையாவது நாம் பிள்ளையோடு வேலை செய்வதை அவர் பார்க்க வேண்டும், நேரிலோ வீடியோவிலோ. எங்களுக்கு என்ன வந்தது தெரியுமா? ஏற்கெனவே நிரப்பி பிடிஎஃப் ஆக அனுப்பிய லாக் ஷீட், அதாவது பயிற்சி மணி நேரக் கணக்குத் தாள். ஒவ்வொரு மாதமும் சூப்பர்வைசர் கையெழுத்து அதே இடத்தில், அதே சாய்வில், கடைசி எழுத்தின் வால் கட்டத்துக்கு வெளியே அதே அளவு நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்கேன் செய்து ஒட்டியது. ஜனவரி ஷீட்டில் காணும் பொங்கல் அன்று நான் ஆறு மணி நேரம் தெரபி கொடுத்ததாக இருந்தது. அன்றைக்கு நான் தெரபி கொடுக்கிற சென்டர் பூட்டித்தான் கிடந்தது. "சும்மா சைன் பண்ணி அனுப்புங்க, எல்லாரும் அனுப்பிட்டாங்க" என்று குரூப்பில் மெசேஜ். நான் அனுப்பவில்லை.

அந்த நேரத்தில் என்னிடம் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். ஏழு வயது. அவன் அம்மா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அழகாபுரம் வரைக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு வருவார். பையன் கையைக் கடித்துக்கொள்வான், மணிக்கட்டுக்கு மேலே தோல் தடித்துக் கறுத்துப் போயிருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். பையனை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல், வீடியோ அனுப்பட்டுமா என்று கேட்டதற்கும் பதில் சொல்லாமல், வாய்ஸ் மெசேஜில் வந்தது: "கடிச்சா டைம் அவுட். அஞ்சு நிமிஷம் மூலையில உட்கார வைங்க."

இரண்டு வாரத்தில் கடிப்பது கூடியது. அந்த அம்மாதான் முதலில் சொன்னார், "டீச்சர், வீட்ல இவ்ளோ கடிக்கறதில்லையே, பென்சிலை எடுத்தாத்தான் கடிக்கறான்." அன்றோடு டைம் அவுட்டை நிறுத்திவிட்டு, கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தேன். அப்புறம் தெரிந்த ஒருவர் மூலமாகச் சென்னையில் முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு பெண் நிபுணரிடம் அந்தக் குறிப்பையும் வீடியோவையும் காட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிட்டார்: எழுதுவது அவனுக்குக் கஷ்டம், கடித்தால் நோட்டு போய்விடுகிறது, மூலையில் உட்கார வைப்பது அவனுக்கு விடுமுறை. ஒவ்வொரு டைம் அவுட்டும் "கடி, வேலை போய்விடும்" என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. செய்ய வேண்டியது, வேலையைச் சின்னதாக்கி, "உதவி வேணும்" என்றோ "போதும்" என்றோ ஒரு கார்டைக் காட்டக் கற்றுக்கொடுப்பது. கார், டூரண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-லேயே வெளியிட்ட முறை இது. எங்கள் கோர்ஸ் ஸ்லைடிலும் அவர்கள் பெயர் இருந்தது. பாடம் எடுத்தவருக்கே அதைப் பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை, அல்லது பார்க்கிற அக்கறை இல்லை. அந்தப் பையன் இப்போது கார்டு காட்டுகிறான், கடிப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்த மெசேஜை மட்டும் நம்பிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் அவன் கை என்னவாகியிருக்கும்? இந்தப் படிப்பில் சூப்பர்விஷன் என்பது பேப்பர் வேலை இல்லை. பிள்ளைக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று இருப்பதைக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், வக்கீல் நோட்டீஸும் போனது. அதன் பிறகு பாதிப் பணம் தருகிறோம், இதைப் பற்றி எங்கேயும் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுக்கவில்லை.

ஏ.பி.ஏ. படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல துறை, ஆள் தேவைப்படுகிற துறை. ஆனால் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும், போனில் வேண்டாம். இந்த கோர்ஸ் முடித்தால் இந்தியாவில் இருந்துகொண்டே எந்த வாரியத்தின் பரீட்சை எழுதலாம்? ஐ.பி.ஏ.ஓ., க்யூ.ஏ.பி.ஏ. என்று இரண்டு அமைப்புகள் வெளிநாட்டில் இருப்பவர்களையும் ஏற்கின்றன. அதைச் சொன்னால் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே போய்ப் பாருங்கள், வேலைக்குப் போக நினைக்கிற சென்டரிலும் அதை ஏற்பார்களா என்று கேளுங்கள். சூப்பர்வைசர் யார், அவர் பெயர் அந்த வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா, மாதம் எத்தனை முறை பார்ப்பார்? "ஆர்.சி.ஐ. அப்ரூவல் பிராசஸ்ல இருக்கு" என்று எங்களிடமும் சொன்னார்கள். ஆர்.சி.ஐ. என்கிற, 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் தொழில் பட்டியலில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று தனியாக ஒரு பிரிவே இல்லை, அப்புறம் எந்த அப்ரூவல்? இங்கேயே சட்டப்படி பதிவு எண்ணோடு வேலை பார்க்க வேண்டும் என்றால் கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்வி டிப்ளமோ, பி.எட். போன்றவை ஒரு வழி. எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது கவுன்சில் தளத்தில் இருக்கிறது, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

என் பேட்ச்சிலும் முந்தைய பேட்ச்சிலும் படித்தவர்கள் இதைப் படித்தால், ரசீது, நோட்டீஸ், அந்த லாக் ஷீட் பிடிஎஃப், கவுன்சிலரின் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நடக்காத மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். பணம் வேண்டும் என்பதற்காக அந்த "பேசமாட்டேன்" பேப்பரில் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே வக்கீலைப் பார்க்கலாம்.