ஜாடி விளக்கு: சோலார் மூடியா, தோட்ட விளக்கின் தலையா?
கண்ணாடி ஜாடியைச் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் விளக்காக்கப் போகிறோம். ஜாடியைக் கழுவிக் காயவைத்தாயிற்று. மேலே எதைப் பொருத்துவது: சோலார் பேனல், பேட்டரி, பல்பு மூன்றும் சேர்ந்த ரெடிமேட் மூடியா, அதே மூன்றும் உள்ள தோட்ட விளக்கின் தலையா?

செலவு: ரெடிமேட் சோலார் மூடிக்குக் கொஞ்சம் கூடுதல். மண்ணில் குத்தும் தோட்ட விளக்கின் தலையைக் கழற்றினால் குறைவு.

சுலபம்: மூடியைத் திருகினால் போதும். ஆனால் பெரும்பாலும் 70 அல்லது 86 மி.மீ. வாய்க்குத்தான் வரும். தோட்ட விளக்கின் தலையைச் சிலிகான் பசையால் எந்த ஜாடியிலும் ஒட்டலாம்.

எவ்வளவு நாள் உழைக்கும்: இரண்டிலும் முதலில் ஓய்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 1.2 வோல்ட் பேட்டரிதான், பேனல் அல்ல. மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்குரூ இல்லாமல் ஒட்டி மூடியிருந்தால் பேட்டரியை மாற்ற முடியாது, வாங்கவே வேண்டாம். தோட்ட விளக்கின் தலைக்குப் பசை பூசும்போதும் பேட்டரிக் கதவில் படாமல் விட்டுவிடுங்கள்.

ஒரே மாதிரி வரிசையாகத் தொங்கவிட மூடி அழகு. வீட்டில் சேர்ந்த பல அளவு ஜாடிகளுக்குத் தோட்ட விளக்குதான் சரி.