ஒற்றைப் படமா, தொடர் படங்களா?
தானியங்கிக் கேமராவில் பதிவான காட்சி நிஜமா என்று பார்க்க, ஒற்றைப் படத்தைவிடத் தொடர் படங்களையே நான் நம்புவேன்.

ரஷ்யத் தூரக்கிழக்கின் லாசோ காப்பகத்தில் புலிகளுக்காக வைத்த கேமராவில், 2011 டிசம்பரில் பொன்னிறக் கழுகு ஒன்று சிகா மானின் முதுகில் பாய்ந்தது பதிவானது. இரண்டே நொடி, மூன்று படங்கள். அதைவிடப் பெரிய சாட்சி பனித்தரை: இறந்து கிடந்த மானின் உடலருகே பெரிய ஊனுண்ணிகளின் காலடித் தடமே இல்லை.

பிரேசிலின் எமாஸ் பூங்காவில், ஒளிரும் கறையான் புற்றை எறும்புதின்னி நெருங்கும் படம் 2017இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பரிசை வென்றது. கொள்ளை அழகு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததாக அவர் கொடுத்த மூலக்கோப்புகள் (கேமரா பதிந்த, திருத்தாத படங்கள்) எதிலும் விலங்கு இல்லை. பூங்கா வாசலிலிருந்த பாடம்செய்த எறும்புதின்னியோடு வல்லுநர்கள் ஒப்பிட்டபோது, மயிர்க்கற்றை முதல் நிற்கும் தோரணைவரை பொருந்தின. அவர் மறுத்தார், 2018 ஏப்ரலில் பரிசு ரத்தானது.