கொலுசுப் பட்டறை பில்லுக்காக ஒரு குட்டி டெபியன்: இரண்டரை வருஷ அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்கே இருப்பது 32 பிட் பழைய கம்ப்யூட்டர், 1 ஜிபி ராம். விண்டோஸ் அதில் திணறியதால் 2023 ஜூலையில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான டெஸ்க்டாப் வைத்துக் கொடுத்தேன். எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி, சேதாரம் எல்லாம் போட்டு பில் அடிக்க ஒரு சின்ன பைத்தான் புரோகிராமும் நானே எழுதிக் கொடுத்தேன். ஆனால் திருத்தம் செய்யும்போதெல்லாம் பட்டறையில் போய் உட்கார முடியாது, வேலை நேரத்தில் அந்த மெஷினைத் தொடவும் கூடாது. அதனால் என் லேப்டாப்பில், விண்டோஸுக்குள், விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்) அதே டெபியனை நிறுவினேன். அன்றிலிருந்து தினமும் அதில்தான் வேலை.

நிறுவுவது பெரிய விஷயமில்லை. நெட்இன்ஸ்டால் ஐஎஸ்ஓ (மீதியை நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் சின்ன நிறுவல் கோப்பு) இறக்கி, டெஸ்க்டாப் பட்டியலில் எல்எக்ஸ்கியூடி மட்டும் டிக் செய்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் புதியவர்கள் மாட்டுவார்கள்: நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகி கணக்குக்கு பாஸ்வேர்ட் கொடுத்தால் உங்கள் பயனருக்கு சூடோ உரிமை (நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி) கிடைக்காது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் தானாகவே வந்துவிடும். திரை அளவு போன்றவற்றைச் சரிசெய்யும் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் போட, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஹெடர் கோப்புகளும், கெர்னல் மாறும்போது டிரைவர்களைத் தானாக மறுபடி கட்டும் டிகேஎம்எஸ்ஸும் முதலில் வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் திரை பழைய சின்ன அளவுக்குத் திரும்பிவிடும்.

நான் செய்த பெரிய தப்பு, லேப்டாப்பில் 8 ஜிபி இருக்கிறதே என்று விர்ச்சுவல் மெஷினுக்கு 4 ஜிபி ராமும் இரண்டு கோரும் கொடுத்தது. எல்லாம் பறந்தது. மாதக் கணக்கு அறிக்கை கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை, மாமா பக்கத்தில் நின்றுகொண்டு "மாப்ள, சேதாரம் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் அறிக்கை வந்தது. மொத்த பில்களையும் நினைவகத்தில் ஏற்றி பைத்தானில் கூட்டிக்கொண்டிருந்தேன். 1 ஜிபியில் அது ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது ஹார்ட் டிஸ்க்கையே நினைவகமாகப் பயன்படுத்துவது) போய்விட்டது.

அன்று ராத்திரியே விர்ச்சுவல் மெஷினை 1 ஜிபி, ஒரே கோர் என்று குறைத்தேன். விர்ச்சுவல்பாக்ஸில் பிராசஸர் பக்கத்தில் எக்ஸிகியூஷன் கேப் என்று ஒன்று இருக்கிறது, ஹோஸ்டின், அதாவது லேப்டாப்பின், சிபியுவில் எத்தனை சதவீதம் வரை எடுக்கலாம் என்பதற்கு வரம்பு. அதை 50க்கு இழுத்தேன். இப்போது என் லேப்டாப்பிலும் அதே திணறல் வந்தது, வந்ததால்தான் சரிசெய்ய முடிந்தது. கூட்டுவதை பில்களைச் சேமிக்கும் தரவுதளமான எஸ்க்யூலைட்டிடமே விட்டு, பார்ட்டி பெயருக்கு ஒரு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டதும் பட்டறையில் அறிக்கை சில நொடிகளில் வருகிறது. எந்த மெஷினுக்காக எழுதுகிறோமோ அந்த அளவுக்கே விர்ச்சுவல் மெஷினைச் சுருக்கி வையுங்கள், இதை யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

தமிழ் எழுத்து விஷயம் தனி. விண்டோஸில் டிகே இன்டர் (பைத்தானில் ஜன்னல்கள் வரைய டிகே நூலகத்தைப் பயன்படுத்தும் வழி) ஜன்னலில் தமிழ் அழகாகத் தெரிந்தது. டெபியனில் முதலில் வெறும் கட்டங்கள். லோஹித் தமிழ் எழுத்துரு போட்டதும் எழுத்து வந்தது, ஆனால் 'கொலுசு' உடைந்து வந்தது. ககரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டிய கொம்பும் காலும் சேர்ந்து வலப்பக்கம் ஒதுங்கி நின்றன. லினக்ஸில் டிகே எழுத்துகளைச் சேர்த்து வடிவமைப்பதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஜன்னல் வரையும் இன்னொரு நூலகமான கியூட்டி, எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் மூலம் அதைச் சரியாகச் செய்கிறது, எல்எக்ஸ்கியூடியே கியூட்டியில் கட்டியது என்பதால் அந்த நூலகங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஜன்னல்களை எல்லாம் கியூட்டிக்கு மாற்ற இரண்டு வாரம் ஆனது. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதில் பல மொழி விசைப்பலகைகள் தரும் எம்17என், அதில் தமிழ்99 விசைப்பலகை. அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு பயன் எதிர்பாராதது. பட்டறையில் யுபிஎஸ் இல்லை. பில் சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? நிஜ மெஷினில் சோதித்துப் பார்க்க மனசு வராது, விர்ச்சுவல் மெஷினில் பவர் ஆஃப் அழுத்தினால் போதும். முப்பது நாற்பது தடவை அழுத்திப் பார்த்தேன். பாதி எழுதிய பில் மறைந்தது, முன்பு முடித்த பில் ஒன்றுகூடக் கெடவில்லை. ஒரே ஒரு தடவை பூட் ஆகாமல் கறுப்புத் திரையில் நின்றது, டிஸ்க்கின் கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டியதும் எழுந்தது. அந்தக் கட்டளையை ஒரு அட்டையில் எழுதி மாமாவின் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஸ்னாப்ஷாட் (விர்ச்சுவல் மெஷினின் அப்போதைய நிலையைச் சேமித்து, பிறகு அதற்கே திரும்ப உதவுவது) பற்றி எச்சரிக்கை. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் ஒன்று எடுத்து, அழிக்காமல் விட்டேன். 4 ஜிபியாக இருந்த விர்ச்சுவல் மெஷின் ஒரு வருஷத்தில் 30 ஜிபியைத் தாண்டி லேப்டாப்பே நிரம்பிவிட்டது. அழிக்கும்போது அவற்றை ஒன்றுசேர்க்கவும் காலி இடம் வேண்டும், அது இல்லாமல் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. இப்போது ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பவும் கூடாது, லேப்டாப் டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும். மாதம் ஒருமுறை முழு விர்ச்சுவல் மெஷினையும் ஓவிஏ என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்கிறேன், 2 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது, சாதாரண பென்டிரைவில் ஏறுகிறது. ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய் தம்பியின் லேப்டாப்பில் திறந்து பார்ப்பேன். மழைக்காலத்தில் அங்கே நெட் கிடைப்பதே அபூர்வம், இதற்கு நெட் தேவையே இல்லை.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது, அதில் 32 பிட் கம்ப்யூட்டருக்கான நிறுவி கிடையாது. அதனால் இரண்டு இடத்திலும் 12தான் ஓடுகிறது. மாமாவுக்கு 64 பிட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது வந்ததும் முதலில் அதன் ராம் எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவில் இங்கே புதிதாக ஒன்று நிறுவி, ஒரு மாதம் ஓட்டிய பிறகுதான் பட்டறை மெஷினைத் தொடுவேன்.