தவறாக வந்த ஐம்பதாயிரமும் முடங்கிப்போன என் கணக்கும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது போலிக் குறுஞ்செய்தி இல்லை. உண்மையான பணம். ஐம்பதாயிரம் ரூபாய் என் இருப்பில் ஏறியது, பாஸ்புக்கிலும் பதிவாகியிருக்கிறது. "மெசேஜை நம்பாதே, பேலன்ஸைப் பார்" என்று எல்லோரும் சொல்வார்களே, அதைச் செய்த பிறகுதான் நான் ஏமாந்தேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன இடத்தில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்கிறேன். மாமனாருக்குக் காடாம்புலியூர்ப் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருக்கிறது. போதாததற்கு வெளியிலும் கொட்டை வாங்குவோம். ஆறு பெண்கள் வந்து தோல் உரித்து, தரம் பிரித்து, எடை போட்டுக் கொடுப்பார்கள். பாதிக்கு மேல் வாட்ஸ்அப் ஆர்டர்தான். பணம் கூகுள் பே வழியாக வரும், பெரிய தொகை என்றால் நேராகக் கணக்குக்கு வரும். இதற்காகவே விலைப்பட்டியலின் அடியில் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் போட்டு வைத்திருந்தேன். மூன்று வருடத்தில் அது எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. கணக்கு எண் தெரிந்தால் மட்டும் யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது, அது சரிதான். ஆனால் யார் வேண்டுமானாலும் பணத்தைப் போடலாம், அதற்கு நம்மிடம் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி ஒரு பக்கம் இருப்பதை நான் யோசித்ததே இல்லை.

2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் முடிந்த மறுநாள், வேலை மும்முரம். காலையில் ஒருவர் பேசினார். "அக்கா, பெங்களூருலேர்ந்து பேசறேன். ஆபீஸ்ல தீபாவளிக்குக் குடுக்கணும். டபிள்யூ 240 அஞ்சு கிலோ வேணும்" என்றார். டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 240 முழுப் பருப்பு நிற்கும், எண் கூடக் கூடப் பருப்பு சிறுக்கும். சும்மா விசாரிப்பவர்கள் "பெரிய முந்திரி" என்பார்கள், தரம் சொல்லிக் கேட்க மாட்டார்கள். அதனால் ஆள் விவரமானவர் என்று நினைத்துக்கொண்டேன். பார்சலோடு சேர்த்து 5,000 ரூபாய் சொன்னேன். பேரமே பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் 50,000 வந்தது. அடுத்த நிமிடமே போன். "அக்கா, ஒரு சைபர் சேத்துப் போட்டுட்டேன். ஆபீஸ் பணம்க்கா, என் வேலையே போயிடும். அஞ்சாயிரத்த எடுத்துக்கிட்டு மீதிய அனுப்பிடுங்க." அனுப்ப வேண்டியது அவர் கணக்குக்கு இல்லையாம், மனைவி கணக்குக்காம். ஏன் என்று கேட்டேன். "என் அக்கவுண்ட்ல இன்னிக்கு லிமிட் முடிஞ்சுபோச்சு" என்றார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு பணம் அனுப்புவதற்குத்தானே, வாங்குவதற்கு என்ன வரம்பு? இந்தக் கேள்வி எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது.

மாமனார் மட்டும் கொட்டையைக் காயவைத்துக்கொண்டே, "யாரு அனுப்புனாங்களோ அவங்களுக்கே போவட்டுமேம்மா, பொண்டாட்டி எதுக்கு நடுவுல?" என்றார். அவர் ஸ்மார்ட் போன் வைத்திருப்பதில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் மனசு கேட்காமல் வங்கிக் கிளைக்குப் போனேன். வங்கி மேல் எனக்குள்ள குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கவுன்டரில் இருந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லி, "சார், இது யார் பணம்னு பார்த்து நீங்களே திருப்பி அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். திரையைப் பார்க்காமலேயே, "உங்க அக்கவுண்ட்டுக்கு வந்த பணம்மா. அனுப்புறதா இருந்தா நீங்க அனுப்புங்க, பேங்குக்கு இதுல வேலை இல்ல" என்றார். எழுதிக் கொடுக்கட்டுமா என்றேன். "எதுக்கு?" என்றார். அவ்வளவுதான். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், வந்துவிட்டேன்.

அவர் செய்திருக்க வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மின்னணுப் பணமாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எண் உண்டு. தொகுதி தொகுதியாகப் பணம் போகும் நெஃப்ட் முறையில் அதை யு.டி.ஆர். என்பார்கள், உடனே போய்ச் சேரும் ஐ.எம்.பி.எஸ்.ஸில் 12 இலக்க எண். அந்த எண்ணைப் போட்டு, "இந்தத் தொகை எங்களுடையது இல்லை என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று அனுப்பிய வங்கிக்குத் தெரிவித்தால், பணம் வந்த வழியிலேயே திரும்பப் போயிருக்கும். என் கையிலும் முத்திரை வைத்த ஒரு நகல் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த மனைவியின் கணக்கைச் செயலியில் சேர்த்தேன். புது ஆளைச் சேர்த்தால் எங்கள் வங்கியில் நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான் அந்த நேரத்தை வைத்திருக்கிறார்கள். நான் அந்த நாலு மணி நேரமும் அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு முறை கூப்பிட்டான், ஒரு தடவை அழக்கூடச் செய்தான்.

நெஃப்ட் போடும்போது பெறுபவர் பெயர் திரையில் வந்தது. 2025 ஏப்ரல் 1-க்குள் நெஃப்ட், பெரிய தொகைக்கான ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் அனுப்புமுன் பெயரைக் காட்டும் வசதி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. எண்ணைத் தப்பாக அடித்து யாரோ ஒருவருக்குப் பணம் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல வசதி. எனக்கு அதுவே வினையானது. அவன் சொன்ன பெண் பெயரே திரையிலும் வந்ததும் சந்தேகமெல்லாம் போய்விட்டது. அந்தக் கணக்கு அந்தப் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் திரை காட்டுகிறது. அந்தப் பெண் அவனுடைய மனைவியா, வாடகைக்குக் கணக்கு கொடுத்தவளா என்பதெல்லாம் திரைக்குத் தெரியாது. 45,000 போனது. "தேங்க்ஸ்க்கா, அட்ரஸ் அனுப்பறேன்" என்று ஒரு செய்தி வந்தது. அட்ரஸ் இன்றுவரை வரவில்லை. ஐந்து கிலோவைக் கட்டி, பெயர் எழுதாத சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்திருந்தேன்.

அக்டோபர் 11, சனிக்கிழமை. சம்பளமும் தீபாவளிப் பணமும் போட உட்கார்ந்தேன். ஆறு பேரில் முதல் ஆளுக்கே போகவில்லை. மறுபடி போட்டேன், போகவில்லை. நெட் பிரச்சினை என்று நினைத்து மொட்டை மாடிக்குப் போய்க்கூடப் பார்த்தேன். அன்று இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. "பரவால்லக்கா, திங்கக்கெழம குடுங்க" என்றார்கள் அந்தப் பெண்கள். திங்கட்கிழமை கிளையில் சொன்னார்கள்: "சைபர் கிரைம் ஹோல்டு. எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." கணக்கை நிறுத்தியது பற்றி எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. முந்திரி வாங்கினால் சலுகை என்று கிரெடிட் கார்டு விளம்பரம் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். எனக்கு வந்த ஐம்பதாயிரம் வட மாநிலத்தில் ஒரு ஓய்வூதியக்காரரை ஏமாற்றிப் பறித்த பணம். பணம் அவர் கணக்கிலிருந்து நேராக என் கணக்குக்கு வந்திருக்கிறது. அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தார். புகார் பதிவானதும் பணம் போன வழியெல்லாம் தேடிக்கொண்டே வருவார்கள், வழியில் உள்ள கணக்குகளை நிறுத்துவார்கள். முதல் கணக்கே என்னுடையது. திருடியவன் என்னை நடுவில் நிறுத்தி, என் கையாலேயே பணத்தை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டான். மஞ்சக்குப்பத்தில் காவல்துறையைப் பார்க்கப் போனபோது ஒருவர், "இதுக்கு மியூல் அக்கவுண்ட்னு பேரும்மா" என்றார். தெரிந்தே காசுக்குக் கணக்கை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போலத் தெரியாமல் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். வங்கிக் கணினிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வரவு வைத்த வரியிலேயே அனுப்பியவர் பெயர் இருந்தது. என்னோடு பேசியவன் சொன்ன பெயர் வேறு. இந்த ஒரு வரியை அன்றைக்கே நானோ அந்த அதிகாரியோ படித்திருந்தால் போதும். போனில் பேசுபவரும் பணம் அனுப்பியவரும் ஒரே ஆளா என்பதை அந்த வரிதான் காட்டும். யு.பி.ஐ.யிலும் வரவு விவரத்தைத் தொட்டால் அனுப்பியவர் பெயர் வரும். தயவுசெய்து பாருங்கள்.

பெயர் சரியாகவே இருந்தாலும் வேறு ஒரு கணக்குக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். போனில் அழட்டும், போலீஸில் சொல்வேன் என்று மிரட்டட்டும். "உங்க பேங்குல புகார் குடுங்க, எங்க பேங்கு கேட்டா நான் ஒத்துக்கிறேன்னு எழுதித் தர்றேன்" என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். உண்மையிலேயே தவறாக அனுப்பியவர் அப்படித்தான் செய்வார், அவருக்கு வேறு வழியும் கிடையாது. ஏனென்றால் போன பணத்தைப் பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வங்கி தானாக எடுத்துத் தராது. அதுவரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், செலவும் செய்யாதீர்கள். கிளையில் எழுத்துமூலமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சல் போடுங்கள், தேதியோடு நிற்கும். ஏற்கனவே என்னைப் போல அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே 1930. நெஃப்ட் இப்போது இரவு பகல் எல்லா நாளும் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் போகிறது, ஐ.எம்.பி.எஸ்.ஸும் யு.பி.ஐ.யும் நொடியில் போய்விடும். பணம் அந்தக் கணக்கில் இருக்கும்போதே தடுத்தால்தான் உண்டு. நான் எட்டு நாளுக்கு மேல் கழித்து அழைத்தேன், அங்கே துடைத்து வைத்திருந்தார்கள்.

போலிச் செய்தி, பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் கேட்பது போன்ற பழைய வித்தைகளை நான் விவரிக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். தனிநபர்களுக்கு இடையே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல், யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. அந்தக் கதவு மூடியதும் இப்படி வருகிறார்களோ என்னவோ.

மறுபடி வங்கிக்கு வருகிறேன். என் கணக்கில் அப்போது 1,14,000 இருந்தது. புகாரோ ஐம்பதாயிரத்துக்கு. ஆனால் மொத்தக் கணக்கையும் நிறுத்திவிட்டார்கள். இதில் ஒரு கொடுமை, பணம் வெளியே போகாதே தவிர உள்ளே வரும். விவரம் தெரியாத புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் 22,000 போட்டுவிட்டார், அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது. அப்புறம்தான் கடையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையின் மேல் காலண்டர் தாளை ஒட்டி மறைத்தேன். வளையலை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தேன்.

எந்தப் புகார், எந்த ஊர், என்ன எண் என்று கேட்டு மூன்று முறை அலைந்த பிறகுதான் ஒரு தாள் கொடுத்தார்கள். "அந்த ஊர் ஸ்டேஷன்ல போயி என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்க" என்றார் மேலாளர், அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று. போகவில்லை. புகார் எண்ணைப் போட்டு, வாட்ஸ்அப் உரையாடல், ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. சான்று, 45,000 போன குறிப்பு எண் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். நகலை இங்குள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுத்தேன். தெரிந்த வக்கீல் ஒருவர் இரண்டு விஷயம் சொன்னார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-வது பிரிவில் இப்படி நிறுத்தினால் அதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை இயக்க விட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. இரண்டையும் கடிதத்தில் எழுதினோம். நவம்பர் மூன்றாம் வாரம் 50,000 மட்டும் நின்றது, மீதி 86,000 கைக்கு வந்தது. தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

நிற்கிற ஐம்பதாயிரம் அந்த ஓய்வூதியக்காரருக்குப் போக வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. விசாரணை அதிகாரிக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு நஷ்டம் 45,000, அடகு வட்டி தனி. நம் தவறு இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பு வராது என்று ரிசர்வ் வங்கியின் 2017 விதி ஒன்று உண்டு. அது எனக்குப் பொருந்தாது, அனுப்பியது என் விரல்தானே.

ஆனால் அன்று கவுன்டரில் எழுதிக் கொடுக்க வந்தவளைத் திருப்பி அனுப்பியதற்கும், கணக்கை நிறுத்தியதைச் சொல்லாமல் விட்டதற்கும் வங்கி பதில் சொல்ல வேண்டும் இல்லையா? எழுத்தில் புகார் கொடுத்தேன். இருபத்தேழாம் நாள், "பரிவர்த்தனை தங்கள் விருப்பத்தின் பேரில் செய்யப்பட்டது" என்று ஒரு வரி பதில் வந்தது. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. முறையிட்டிருக்கிறேன், ஏற்றுக்கொண்டதாக எண் வந்திருக்கிறது. பதில் வந்ததும் அது எதுவாக இருந்தாலும் எழுதுகிறேன்.

விலைப்பட்டியலில் இருந்த கணக்கு எண்ணை எடுத்துவிட்டேன். இப்போது ஆர்டர் உறுதியான பிறகு, அதுவும் வேறு வங்கியில் வியாபாரத்துக்கென்று தனியாகத் திறந்த கணக்கின் எண்ணைத்தான் தருகிறேன். அந்த ஐந்து கிலோவைப் பிரித்து மார்கழியில் சர்க்கரைப் பொங்கலுக்குக் கேட்டவர்களுக்கு விற்றுவிட்டேன். தாமதமாகப் போனதால் கிலோவுக்கு நூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுக்க முடிந்தது.