விலங்கு முக அரிதாரம்: மேலுதட்டில் நிற்பதே நல்ல சாயம்

புறங்கையில் தேய்த்துப் பார்த்தால் எல்லா முகச்சாயமும் அருமையாகத்தான் தெரியும். புறங்கை பேசாது, சிரிக்காது, மூக்கு உறிஞ்சாது. மாறுவேட நிகழ்ச்சிகளுக்காகச் சில வருடங்களாக என் முகத்திலும் நண்பர்கள் முகத்திலும் புலி, நரி, மான், ஆந்தை என்று வரைந்து வருகிறேன். ஒரு சாயம் தேறுமா என்று பார்க்க இப்போது நான் கவனிப்பது மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தைத்தான். பூனை இனமோ நாய் இனமோ, முகத்தின் அடையாளமே அங்கேதான் இருக்கிறது. முதலில் வியர்ப்பதும் அங்கேதான்.

நான் பயன்படுத்தியவை மூன்று ரகம்: தண்ணீர் தொட்டுப் பூசும் கட்டிச் சாயம், எண்ணெய்ப் பசையுள்ள கிரீம், ஆல்கஹால் தொட்டால் மட்டும் கரையும் சாயம். முதல் ரகத்துக்குள்ளேயே இரண்டு குணம் உண்டு. கிளிசரின் தூக்கலாக இருப்பது ஸ்பாஞ்சில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு பரவும், ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் கரைப்பது சுலபம். ஆனால் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கிளம்பிவிடும். மெழுகு தூக்கலாக இருப்பது அடர்த்தியாக விழும், கோடு கூர்மையாக நிற்கும், அடியில் இருக்கும் நிறத்தை அவ்வளவாகக் கலக்காது. தடிமனாகப் பூசினால் மட்டும் சிரிக்கும்போது வெடிக்கும். கடையில் கிடைக்கும் பிராண்டுகளில் மெஹ்ரானின் பாரடைஸ், க்ரையோலானின் அக்வாகலர் இரண்டும் முதல் குணம், உல்ஃப் இரண்டாவது. அடித்தளத்துக்குப் பாரடைஸ், வரிகளுக்கு உல்ஃப் கருப்பும் வெள்ளையும். எனக்கு இந்தச் சேர்க்கை பழகிவிட்டது, மாற்றத் தோன்றவில்லை.

எந்தத் தண்ணீர்ச் சாயமாக இருந்தாலும் மேலுதட்டுக்கு மேலே பூசும் வெள்ளை மட்டும் எனக்கு அரை நாள் தாங்குவதில்லை. ஒரு குவளை தண்ணீர் குடித்தாலே நடுவில் தோல் தெரியும். அதனால் அந்த இடத்தை மட்டும் கிரீமுக்குக் கொடுத்துவிட்டேன். மூக்கின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் கன்ன மடிப்பு வரை கிரீம் வெள்ளையை மெல்லிசாகத் தட்டித் தட்டிப் பூசி, அதன் மேல் பவுடரைப் பஃப்பால் அழுத்த வேண்டும். தேய்த்தால் எல்லாம் போச்சு. ஒரு நிமிடம் விட்டு, மிச்சப் பவுடரைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் தண்ணீர்ச் சாயத்தைத் தொடுவேன். பவுடர் போடாத கிரீம் மேல் தண்ணீர்ச் சாயம் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டுவிடும். பவுடர் போட்டால் மீசைப் புள்ளிகள் அதன் மேல் அழகாக உட்காரும்.

அப்படியானால் முழு முகத்துக்கும் கிரீமே பூசலாமே என்று கேட்பார்கள். பூசலாம், வியர்வையையும் தாங்கும். ஆனால் பவுடர் போட்டதும் புலியின் ஆரஞ்சு வெளிறிப்போகும். பவுடர் விட்டுப்போன இடமெல்லாம் காலரில் அப்பும். மணிக்கணக்கில் முகம் முழுக்கப் பிசுபிசுப்போடு இருக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

ஆல்கஹால் சாயம் உழைப்பதில் மற்ற இரண்டையும் தோற்கடித்துவிடும். கழுத்து, கை, உடை உரசும் இடங்களுக்கு அதுதான். ஆனால் தொட்டுக்கொள்வது 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது, நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், கலைக்கத் தனி எண்ணெய் வேண்டும். முகத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி வரைதல். சாயத்தை எவ்வளவு கொட்டினாலும் மூன்று இடம் சரியில்லையென்றால் மனிதன் மனிதனாகவே தெரிவான். ஒன்று, கண்ணின் உள் மூலை: அங்கிருந்து மூக்குப் பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒரு கூர்மையான கருப்புக் கோடு போட்டால் பாதிப் பூனை வந்துவிடும். இரண்டு, மூக்கு: நுனியையும் அடிப்பக்கத்தையும் மட்டும் கருப்பாக்கி, அங்கிருந்து உதட்டுக்கு ஒரு கோடு இறக்கினால் போதும். முழு மூக்கையும் கருப்பாக்கினால் கோமாளிதான். மூன்றாவது உதடு, பலரும் கவனிக்காதது. மேலுதட்டுக்குக் கருப்பு கொடுத்து, கீழுதட்டை முகவாயின் நிறத்திலேயே மறைத்துவிட்டால் வாய் அகன்று விலங்கு வாயாகிவிடும். கீழுதடு சிவப்பாகத் தெரிந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

புலி வரிகளை வெளி ஓரத்தில் பிரஷ்ஷை அழுத்தி ஆரம்பித்து, முகத்தின் நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே தூக்கினால் நுனி தானாகக் கூரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரக் கண்ணாடி முன் மெனக்கெட வேண்டாம். உண்மையான புலிக்கே இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை. புள்ளி விலங்குகளைப் போடுகிறவர்கள் சிறுத்தை, சிவிங்கிப்புலி (சீட்டா), ஜாகுவார் எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளியைக் குத்திவிட்டுப் போவது எனக்கு எரிச்சல். கண்ணிலிருந்து வாய் ஓரம் வரை கண்ணீர்க் கோடு இறங்கினால் அது சிவிங்கிப்புலி, அதன் புள்ளிகள் முழுக்கக் கருப்பு. சிறுத்தைக்குக் கோடு கிடையாது, புள்ளிகள் உடைந்த வளையங்கள். வளையத்துக்குள் குட்டிப் புள்ளி வைத்தால் ஜாகுவார் ஆகிவிடும்.

சாப்பாட்டோடு கூடிய நிகழ்ச்சி என்றால் ஆந்தையைத்தான் சொல்வேன். கண்ணைச் சுற்றி இரண்டு பெரிய வட்டு, மூக்கே அலகு. வாய்க்கு வேலையே இல்லை, அழிவதற்கும் எதுவுமில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. பள்ளிக்கூட அக்ரிலிக் டப்பாவில் நச்சற்றது என்று போட்டிருந்தால் தோலுக்கு ஏற்றது என்று அர்த்தமாகாது. கைவினை மினுக்குத் தூளும் அப்படித்தான், கண்ணுக்குள் போனால் கீறும். ஒப்பனைக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். பளீர் நியான் நிறங்களில் பல, கண்ணருகே பூச அனுமதிக்கப்படாதவை, லேபிளைப் படித்துவிடுங்கள். புதுச் சாயத்தை முழங்கையின் உள்பக்கம் தடவி 24 மணி நேரம் பார்த்த பிறகே முகத்துக்கு. ஆளுக்கு ஒரு ஸ்பாஞ்ச். கண் சிவந்தவர்களுக்கும் உதட்டில் கொப்புளம் உள்ளவர்களுக்கும் வரைவதில்லை.

கலைக்கும்போது ஈரத் துடைப்பானால் தேய்ப்பது மோசமான வழி. சோப்பு நுரையைக் குழைத்துத் தடவி, இளகவிட்டுக் கழுவினால் தண்ணீர்ச் சாயம் போய்விடும். கிரீமுக்கு முதலில் எண்ணெய், அப்புறம் சோப்பு. நீலமும் பச்சையும் லேசாகத் தங்கும், மறுநாள் தானாக மறையும்.

கட்டிகளை ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், நன்றாக உலர்ந்த பிறகு மூடினால் வருடக்கணக்கில் வரும். வெடித்த கட்டியைத் தூக்கிப்போட வேண்டாம், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தினால் சேர்ந்துகொள்ளும். எந்த விலங்கு போட்டாலும் வெள்ளையும் கருப்பும்தான் முதலில் தீரும். மறுபடி வாங்குவதானால் பன்னிரண்டு நிறப் பெட்டியை விட்டுவிட்டு, அந்த இரண்டையும் பெரிய டப்பாவாகவும் ஆரஞ்சு, பழுப்பு, ஒரு மஞ்சளைச் சிறியதாகவும் எடுப்பேன். என் பழைய பெட்டியில் ஊதா இன்னும் அச்சு மாறாமல் அப்படியே இருக்கிறது.