நிவாரணத் தார்ப்பாய்: கிருஷ்ணகிரி மொத்தக் கடையில் எதைப் பார்த்து வாங்குவது

1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கும் முகாம்களுக்கு (2021 முதல் பெயர் 'மறுவாழ்வு முகாம்') மழைக்கு முன் கொடுக்க, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொத்தக் கடையின் 12x18 அடி, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) தார்ப்பாய் சரியான சரக்கு. லேபிளை நம்பாதீர்கள், தராசில் வையுங்கள். 12x18 என்றால் 20 சதுர மீட்டர். எடை 4 கிலோ வர வேண்டும். 3 கிலோ காட்டினால் அது 150 ஜிஎஸ்எம். கட்டுக்குள் ஒன்றிரண்டு அப்படிக் கலந்திருக்கும், எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

குறை, ஓரத்து வளையங்கள். மடிப்புக்குள் கயிறு ஓடாத ரகத்தில் முதல் காற்றுக்கே பிய்த்துக்கொண்டு வரும். கயிறு வைத்துத் தைத்ததையே கேளுங்கள். நைலான் கயிற்றால் இறுக்காமல் பழைய சைக்கிள் டியூப் கீற்றால் கட்டினால் காற்றுக்கு இழுத்துக் கொடுக்கும். ஓட்டின் கூர் விளிம்பில் சாக்கு மடித்து வைக்காவிட்டால் அங்கேதான் கிழியும்.

பில் கேட்டால் தருகிறார்கள். டெலிவரி சுமார். முகாமுக்குள் போக அரசு அனுமதியை முதலில் வாங்கிவிட்டு வண்டி பேசுங்கள்.